வட்டக் கல்வெட்டு

கஜனி நாற்பத்திரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். நாற்பத்தொரு இடங்களில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. மிச்சமிருந்த ஒரேயொரு இடத்தில் இருந்து வந்த பதில்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

அவள் கொக்குவிலில் இருந்து ரொறன்ரோவுக்கு டிசைன் படிக்க வந்தவள். மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட, அம்மாவின் தம்பி ஜெயரட்ணம் மாமா வீட்டு பேஸ்மென்ரில் இருக்கிறாள். படிப்பு இரண்டு வருடம். கடைசித் தவணைக்குப் போக முன்னம் ஒரு நிறுவனத்தில் நான்கு மாதம் வேலை பழக வேண்டும் என்பது கல்லூரிச் சட்டம். அந்த இடத்தை மாணவர்கள் தாங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். ஓகஸ்ட் முடிவதற்குள் பிடிக்காவிட்டால் கடைசித் தவணை இல்லை. இன்னொரு தவணை காத்திருக்க மாணவர் விசாவில் நாளும் இல்லை. பிறகென்ன, பெட்டியைக் கட்டிக்கொண்டு கொக்குவிலுக்குப் போய், "அப்பவே சொன்னன், அக்கவுண்டிங் படி எண்டு" என்று அப்பா சொல்லுவதை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பதில் போட்டவர் லெஸ்லி என்ற பெண்மணி. ரொறன்ரோ நகரத்துக்குள் பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் அவருடையது. ஆஸ்பத்திரி, விமான நிலையம், நூலகம் போன்ற இடங்களில் சனம் வழி தவறாமல் போவதற்கான பலகைகளையும் படங்களையும் செய்கிறவர்கள். கஜனிக்கு இருந்த ஆசையெல்லாம் அந்த வேலையில்தான். லெஸ்லி எழுதியிருந்தது இவ்வளவுதான்: உங்கள் வேலைகள் அழகாக இருக்கின்றன, ஆனால் எல்லாமே இல்லாத ஆட்களுக்குச் செய்தவை. வகுப்புக்காக இல்லாமல், நிஜமான மனிதர்களுக்குச் செய்து, அவர்கள் உண்மையில் பாவித்த ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள். ஓகஸ்ட் இருபத்தாறு, காலை பத்து மணி.

கஜனி தன்னுடைய கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒரு கற்பனைக் கோப்பிக்கடை, ஒரு கற்பனை விமானக் கொம்பனி, ஒரு கற்பனைச் செருப்பு. செருப்பைக்கூட ஒருத்தரும் போட்டு நடக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் விசயத்தைச் சொன்னாள். ஜெயரட்ணம் மாமா இருபது வருடமாக நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். எந்தப் பிரச்சினையையும் ஒரு பயணி கேட்ட கேள்வி மாதிரித்தான் எடுத்துக்கொள்ளுவார். உடனே பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

"முதல்ல எனக்கு ஒண்டு சொல்லு பிள்ளை. கோயில்ல கேட்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது? உதைப் படிச்சு முடிச்சால் என்ன வேலை?"

"கன வேலை இருக்கு மாமா. ஆஸ்பத்திரியில எக்ஸ்-ரேக்கு எந்தப் பக்கம் போறது எண்டு போட்டிருக்கிற போர்ட், மருந்துப் பெட்டியில எத்தினை தரம் குடிக்கிறது எண்டு எழுதியிருக்கிற விதம், ரெலிபோனில பாங்க் அப்பில காசு அனுப்புற பட்டன், எல்லாத்தையும் ஆரோ ஒரு ஆள் இருந்து யோசிச்சுத்தானே செய்யிறது. உங்கட பஸ்ஸில உங்களுக்கு முன்னால இருக்கிற பட்டனுகளும் அப்பிடித்தான்."

மாமா கையில் இருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டார்.

"கதவு திறக்கிற பட்டனையும் வைப்பர் பட்டனையும் பக்கத்தில பக்கத்தில வைச்சவன் டிசைன் படிச்சவனோ?"

"இருக்கலாம் மாமா."

"அவனை எனக்கு ஒருக்காக் காட்டுவியோ?"

"இஞ்சேருங்கோ, சாப்பிடுங்கோ" என்றார் யோகமலர் மாமி. "அவள் உங்கட பட்டனைப் பற்றிக் கதைக்கேல்ல. அவளுக்கு ஆக்கள் வேணுமாம். பாவிக்கிற ஆக்கள்."

"ஆக்களுக்கு என்ன பஞ்சம்? ரொறன்ரோவில எங்கட ஆக்கள்தானே."

மாமா அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலில் விசயத்தைப் பரப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு அழைப்பு வந்தது. ஒரு அன்ரிக்குச் சட்டையின் முதுகுப் பக்கத்துக்கு டிசைன் வேண்டுமாம். பிறம்ரனில் ஒருவர் வீட்டு முன்பக்கத்துக்குக் கல்லுப் பதிக்கப் போகிறார், மயில் மாதிரி வருமா என்று கேட்டார். இன்னொருவரின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீட்டுக் கொண்டாட்டம். பிள்ளை சிப்பிக்குள் இருந்து வெளியே வரவேண்டும், சிப்பி தானாகத் திறக்கவேண்டும், புகையும் வேண்டும்.

"சிப்பியைச் செய்யன் பிள்ளை" என்றார் மாமா. "ஐந்நூறு சனம் பார்க்கும்."

"பார்க்கிறது மட்டும் காணாது மாமா. பாவிக்க வேணும்."

"அந்தப் பிள்ளை பாவிக்கும்தானே. உள்ளுக்க இருந்துதானே வரும்."

கஜனி பேஸ்மென்ருக்கு இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யூலை நடுப்பகுதியில் ஸ்ரௌவ்வில்லில் இராஜரட்ணம் என்ற பெரியவர் காலமானார். எண்பத்தொன்பது வயது, நித்திரையிலேயே போய்விட்டார். புகையிரதப் பகுதியில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து ஓய்வெடுத்தவர். அவருடைய மகன் றமேஸ், மாமாவோடு ஒன்றாகப் பஸ் ஓட்டுகிறவர். செத்தவீட்டுக்குப் போய் வந்த மாமா, சப்பாத்தைக் கழற்ற முன்னமே மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, உனக்கு வேலை எடுத்துக்கொண்டு வந்திட்டன். கல்வெட்டு."

எங்கள் ஆட்களுக்கு ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வேண்டும். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. அது ஒரு சின்னப் புத்தகம். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, நடுப்பக்கத்தில் வம்சத்தின் பேர்கள், கடைசியில் நன்றி. அன்றைக்குச் சாப்பிட வருகிற எல்லாருடைய கையிலும் ஒன்று கொடுப்பார்கள். வாங்கிய ஆள் முதலில் செய்வது, வெண்பாவைத் தாண்டிப் போய்த் தன்னுடைய பேர் இருக்கிறதா என்று பார்ப்பது.

கஜனி மறுக்கத்தான் வாயெடுத்தாள். பிறகு யோசித்தாள். இருநூற்றைம்பது நிஜமான மனிதர்கள். எல்லாரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் இருந்து, அந்தப் புத்தகத்தில் ஒரு விசயத்தைத் தேடப் போகிறார்கள். லெஸ்லி கேட்டது இதைவிட வேறு என்ன?

"ஓம் மாமா, செய்யிறன்" என்றாள்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. இராஜரட்ணத்தாருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் நிரூபா, பாரிஸில். அடுத்தவர் றமேஸ், இங்கே. கடைசி துர்க்கா, லண்டனில், அவருடைய கணவர் ஜனார்த்தன் ஒரு டொக்டர். வட்ஸ்அப்பில் "அப்பாவின் கல்வெட்டு" என்று ஒரு குழு போட்டு, மாமாவையும் கஜனியையும் சேர்த்திருந்தார்கள். கஜனி பணிவாக ஒரு கேள்வி போட்டாள்: பிள்ளைகளின் பேரை எந்த ஒழுங்கில் போடுவது?

அரை மணித்தியாலத்தில் இருபத்தாறு குரல் செய்தி.

"இதில என்ன கேள்வி தங்கச்சி?" இது நிரூபாவின் குரல். "மூத்தபிள்ளை நான். நான் பிறக்கேக்க உவை ரெண்டு பேரும் எங்க?"

"அக்கா, அப்பாவைப் பன்ரெண்டு வருசம் வைச்சுப் பார்த்தது நான்" என்றார் றமேஸ். "டயப்பர் மாத்தினதும் நான், கொள்ளி வைச்சதும் நான்."

"கொள்ளி வைச்சதைக் கொள்ளி வைக்கேக்க வீடியோவில பார்த்தனாங்கள்தானே. இது பேர் போடுறது."

துர்க்கா அமைதியாக வந்தார். "எதுக்கு அடிபடுறியள்? வெளிநாட்டில எல்லா இடமும் செய்யிற மாதிரி அகரவரிசையில போடுவம். ஒருத்தருக்கும் மனக்குறை வராது."

இரண்டு நிமிடம் சத்தம் இல்லை. எல்லாரும் மனதுக்குள் எழுத்தெண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்பிடி எண்டால் நீதானே முதல்ல வாறாய்" என்றார் நிரூபா.

"அதுக்கு நான் என்ன செய்யிறது? அப்பா வைச்ச பேர்."

"அப்ப இங்கிலீசு எழுத்து ஒழுங்கில போடுவம்."

இங்கிலீசில் பார்த்தாலும் துர்க்காதான் முதல். அதைத் துர்க்கா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் குழுவில் ஒருத்தரும் கதைக்கவில்லை. காலையில் றமேஸ் மட்டும் ஒரு பிள்ளையார் படம் போடுவார். மற்ற இருவரும் அதற்குக் கைகூப்பாமல் இருப்பார்கள். அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு கிழமைதான் இருந்தது. கல்வெட்டு இல்லாவிட்டால் லெஸ்லிக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.

ஐந்தாம் நாள் பஸ்ஸில் போகும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வரிசையாகப் போட்டால்தானே முதலும் கடைசியும். வட்டமாகப் போட்டால்? நடுவில் இராஜரட்ணத்தாரும் மனைவியும். சுற்றிவர மூன்று பிள்ளைகள், ஒரே அளவு எழுத்து, ஒரே அளவு இடம். அதற்கு வெளியே பேரப்பிள்ளைகள். அதற்கும் வெளியே அவருடைய ஏழு சகோதரங்களின் குடும்பங்கள். இருநூற்றுப் பதினான்கு பேர், நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய சூரியகாந்திப் பூ மாதிரி. கதிர்கள் மாதிரிப் பேர்கள் வெளிநோக்கி ஓடும். இரண்டு நாள் இருந்து செய்தாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு வடிவு.

குழுவில் போட்டாள்.

"வடிவா இருக்குத் தங்கச்சி" என்றார் நிரூபா. "ஆனால் துர்க்கா ஏன் மேல நிக்கிறாள்? என்ர பேர் கீழ, கால்மாட்டில கிடக்கு."

வட்டத்துக்கும் மேல்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதைக் கல்லூரியில் ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கஜனி தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்த மாமா, "நீ போய்ச் சாப்பிடு. நான் கதைக்கிறன்" என்றார். அவள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மூன்று பேரும் குழுவில் பெருவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். நிரூபா ஒரு தாமரைப் பூவும் போட்டிருந்தார்.

"என்ன மாமா செய்தனீங்கள்?"

"பக்குவமாச் சொன்னனான்" என்றார் மாமா. "இருபது வருசமாச் சனத்தோட வேலை செய்யிறன் பிள்ளை. நீ அச்சுக்குக் குடு."

கொடுத்தாள். முந்நூறு புத்தகம்.

முப்பத்தோராம் நாள் ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு மண்டபம். காலைக் கிரியை முடிந்து சனம் சாப்பாட்டுக்கு வந்து குவிந்தது. வாசல் மேசையில் கல்வெட்டை அடுக்கிவைத்துவிட்டு, கஜனி ஒரு பேனையோடு ஓரமாக நின்றாள். ஆட்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டுபோனால் லெஸ்லிக்குச் சொல்ல உதவும் என்பது அவளுடைய எண்ணம்.

முதலில் வந்து எடுத்தவர் நிரூபா. முதல்நாள்தான் பாரிஸில் இருந்து வந்திருந்தார். நடுப்பக்கத்தைத் திறந்தார். முகம் மாறியது. கைப்பையில் இருந்து ரெலிபோனை எடுத்தார்.

"இது வேற. எனக்கு அனுப்பினதில நான் மேல நிண்டனான்."

"இல்லை அக்கா, நான்தான் மேல" என்று றமேஸ் தன்னுடைய ரெலிபோனை நீட்டினார். "இஞ்ச பாருங்கோ."

"எனக்கு வந்ததில நான்" என்றார் துர்க்கா. "புத்தகத்திலயும் அப்பிடித்தானே இருக்கு?"

மூன்று ரெலிபோனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே வட்டம். மூன்று விதமாகத் திருப்பியிருந்தது. கஜனிக்கு அப்போதுதான் விளங்கியது. மாமா அவரவர் பேர் மேலே வரும்படி படத்தைச் சுழற்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கோப்பி வைத்திருந்த பெரிய கேத்திலுக்குப் பின்னால் நின்று, மிகவும் மெதுவாகச் சீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெயரட்ணம்!" என்றார் றமேஸ். "என்ன ஐசே வேலை இது? நீர் எனக்கு மட்டும்தான் அனுப்பினதெண்டெல்லோ சொன்னீர்!"

"உமக்கு அனுப்பினது உமக்கு மட்டும்தான். அது உண்மை."

"அண்ணை, நீங்கள் பெரிய கள்ளன்" என்றார் துர்க்கா. ஆனால் அவருடைய பேர்தான் மேலே நின்றபடியால் குரலில் அவ்வளவு கோபம் இல்லை.

"அக்கா, இது வட்டம்தானே" என்று மாமா நிரூபாவிடம் இருந்து புத்தகத்தை வாங்கி, சுற்றித் திருப்பி, திரும்பக் கையில் கொடுத்தார். "இப்ப பாருங்கோ. ஆர் மேல?"

நிரூபா பார்த்தார். தன்னுடைய பேர் மேலே நேராக இருந்தது. தங்கச்சியின் பேர் கீழே தலைகீழாகத் தொங்கியது. துர்க்காவைத் தலைகீழாகப் பார்த்ததில் மனதுக்கு ஒரு ஆறுதல் கிடைத்ததோ என்னவோ, "சரி, சாப்பாட்டைப் போடச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

துர்க்கா மட்டும் இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினார். "தங்கச்சி, இவர் எங்க? இவரின்ர பேரைக் காணேல்ல."

புத்தகத்தை நடுவில் தைத்த கம்பி சரியாக டொக்டர் ஜனார்த்தனின் பேருக்குள்ளால் போயிருந்தது. டொக்டர் நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நல்ல இடத்திலதான் ஸ்ரிச் போட்டிருக்கினம்" என்றார்.

பெரிய ஆபத்து போய்விட்டது என்று கஜனி மூச்சுவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்கியது. மண்டபத்துக்குள் இருபத்தைந்து மேசை. ஒவ்வொரு மேசையிலும் பத்துப் பேர். எல்லாரும் நடுப்பக்கத்தைத் திறந்து புத்தகத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் புத்தகத்தை வைத்துவிட்டுத் தலையைச் சுழற்றினார்கள். ஒரு பெரியவர் இரண்டையும் செய்து, மூக்குக்கண்ணாடி சாம்பாருக்குள் விழுந்தது.

"எல்லாரும் லெஃப்ட் எடுக்கினம்" என்றார் மாமா, பஸ்காரனின் பெருமையோடு.

கஜனிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தருக்கும் தன்னுடைய பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர் நேரே அவளிடம் வந்தார்.

"பிள்ளை, நீர்தானே இதைச் செய்தது? நான் எங்க நிக்கிறன்?"

"உங்கட பேர் என்ன அங்கிள்?"

"பேரை விடும். நான் பாக்கியத்தின்ர ரெண்டாவது."

"பாக்கியம் ஆர்?"

"பாக்கியத்தைத் தெரியாமலோ கல்வெட்டு அடிச்சனீர்?"

கஜனி அவரோடு சேர்ந்து சுழற்றி, வெளி வட்டத்தில் பாக்கியத்தைப் பிடித்து, அங்கிருந்து இரண்டாவதுக்கு வந்து, பேனையால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள். அவர் நிமிர்ந்தபோது பின்னால் ஆறு பேர் நின்றார்கள். சாப்பாடு முடியுமட்டும் அந்த வரிசை குறையவில்லை. "நான் சின்னத்துரையின்ர மருமகள்", "நான் மலேசியாக்காரரின்ர பேத்தி", "நான் சொந்தமில்லை, பக்கத்து வீடு, ஆனால் போட்டிருப்பியள் எண்டு நினைச்சன்." கஜனி ஒரு வாய் சோறும் தின்னவில்லை. ஆள் குறைந்த நேரமெல்லாம் ஒரு கல்வெட்டின் பின்னட்டையில் கோடு போட்டு எண்ணினாள்.

வீட்டுக்கு வந்து எண்ணிக்கையைக் கூட்டினாள். எழுபத்தொரு பேர் வந்து கேட்டிருந்தார்கள். அதில் தன் பேரைச் சொல்லிக் கேட்டவர்கள் நான்கு பேர். மற்ற எல்லாரும் தங்களை இன்னொருவரின் பிள்ளை, மருமகள், பேரன் என்றுதான் சொன்னார்கள்.

அன்றிரவும் அடுத்த நாளும் அவள் மாமாவோடு கதைக்கவில்லை. மாமி சாப்பாட்டை பேஸ்மென்ருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"மாமி, அது பிழைச்சுப்போச்சு. லெஸ்லிக்கு என்னத்தைக் காட்டுறது?"

"ஏன்? எல்லாரும் வடிவெண்டுதானே சொல்லிச்சினம்."

"வடிவு எண்டவை. ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல."

"என்ர பேரை நானும் தேடினனான்" என்று மாமி ஒத்துக்கொண்டார். "பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் அந்தக் குடும்பமே இல்லை."

ஓகஸ்ட் இருபத்தாறு வந்தது. மாமா லீவு போட்டு, கோட்டுப் போட்டு, காரை வெளியே எடுத்து வைத்திருந்தார். கஜனி பஸ்ஸில் போகிறேன் என்றாள். பஸ் ஓட்டுகிற வீட்டில் இருந்துகொண்டு அந்த நேரத்துப் பஸ்ஸை நம்பாதே என்றார் மாமா. காரில் ஏறினாள்.

"அவ கேட்டால் எல்லாரும் நல்லாப் பாவிச்சவை எண்டு சொல்லு" என்றார் மாமா, நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றபோது. "பொய்யில்லைத்தானே. பாவிச்சவைதானே."

"எழுபத்தொரு பேருக்கு விளங்கேல்ல மாமா."

"மிச்ச ஆக்களுக்கு விளங்கினதுதானே?"

"மிச்ச ஆக்கள் வரிசையைப் பார்த்திட்டுப் பேசாமல் இருந்தவை."

மாமா காரை மெல்ல நகர்த்தினார். கொஞ்சத் தூரம் போய், "நான் படத்தைச் சுழற்றி அனுப்பினது பிழைதான் பிள்ளை" என்றார். "அச்சுக்குப் போகாட்டில் உனக்குக் காட்ட ஒண்டும் இருக்காதெண்டு பயந்திட்டன்." அவர் அப்படிச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கோப்பைத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தாள்.

லெஸ்லி அறுபது வயதுப் பெண்மணி. கட்டையாக வெட்டிய நரைமுடி, ஓடும்போது போடுகிற சப்பாத்து. வரவேற்பறைக்கு அவரே வந்தார். கஜனி எழும்பினாள். மாமாவும் எழும்பினார்.

"ஐ ஆம் த அங்கிள்" என்றார் மாமா. "ஐ ஆம் ஒல்சோ த விட்னஸ்."

"மாமா, இருங்கோ."

"சாட்சியா? நல்லது, இருவரும் வாருங்கள்" என்றார் லெஸ்லி.

பெரிய மேசை ஒன்றில் கஜனி கல்வெட்டைத் திறந்து வைத்தாள். லெஸ்லிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் மிகவும் கவனமாகப் பார்த்தார். "மிகவும் அழகாக இருக்கிறது. இது வேலை செய்ததா?" என்று இங்கிலீசில் கேட்டார்.

மாமா கஜனியைப் பார்த்தார். கஜனி மேசையைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.

பிறகு முழுவதையும் சொன்னாள். மூன்று பிள்ளைகளின் சண்டை, அகரவரிசை, வட்டம், மூன்று ரெலிபோன். மாமா செய்ததைச் சொல்லும்போது மாமா தலையைக் குனிந்துகொண்டார். மூக்குக்கண்ணாடி சாம்பாருக்குள் விழுந்ததைச் சொன்னபோது லெஸ்லி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் மூன்று பேரின் சண்டையைத் தீர்க்கத்தான் இதைச் செய்தேன்" என்றாள் கஜனி. "ஆனால் அதை வாசிக்கப்போவது அந்த மூன்று பேர் இல்லை, இருநூற்றைம்பது பேர். அவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை." பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். "இது நான் அன்றைக்கு எழுதியது. ஒருத்தரும் நடுவில் இருந்து தேடவில்லை. தங்களுடைய தாய் பேரில் இருந்து, தகப்பன் பேரில் இருந்துதான் தேடினார்கள். திரும்பச் செய்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தத் தாய் தகப்பனின் பேரைப் பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே பிள்ளைகளை நேராக எழுதுவேன்."

"அப்படியென்றால் அந்த மூவரின் சண்டை?"

"அது வரும். அதற்கு இன்னும் விடை தெரியாது."

லெஸ்லி நடுப்பக்கத்தை மூடிவிட்டுப் பின்னட்டையைக் கையில் எடுத்தார். கோடு கோடாகக் கிறுக்கியிருந்ததை முழுவதும் பார்த்தார். ஒரு மூலையில் பருப்புக்கறி பட்டிருந்தது. எழும்பிப் போய்ச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு பெரிய அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒரு கட்டடத்தின் உள்சுவர்ப் படம். நடுவில் வெறுமையாக ஒரு இடம்.

"ஒரு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம். மூன்று பணக்காரக் குடும்பங்கள் சேர்ந்து கொடுத்தது. மூன்று குடும்பத்தின் பேரையும் இந்தச் சுவரில் போட வேண்டும். எட்டு மாதமாக யாருடைய பேர் முதலில் என்று அடிபடுகிறார்கள். எங்கள் ஆட்கள் மூன்று பேர் இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்."

கஜனி அட்டையைக் கிட்ட இழுத்துப் பார்த்தாள்.

"இந்தச் சுவரை யார் வாசிப்பார்கள்?"

"நோயாளிகளா? ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்" என்றார் லெஸ்லி. "அந்த மூன்று குடும்பமும் மட்டும்தான் வந்து வந்து பார்க்கும்."

"அப்படியென்றால் இதை அந்த மூன்று குடும்பத்துக்காகத்தான் செய்யவேண்டும்" என்றாள் கஜனி. "நான் முதலில் அவர்களிடம் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும்."

லெஸ்லி மேசைக் கலண்டரைப் பார்த்தார். "செப்ரெம்பர் இரண்டாம் திகதி, ஒன்பது மணிக்கு வாருங்கள். கல்லூரிக் கடிதத்தைத் தாருங்கள், இப்போதே கையெழுத்து வைத்துவிடுகிறேன்."

லிஃப்டில் இறங்கும்போது கஜனி கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மாமா மூன்று மாடி மட்டும் பொறுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, அந்த மூண்டு குடும்பத்தின்ர ரெலிபோன் நம்பரையும் வாங்கித் தாவன். நான் பக்குவமாக் கதைக்கிறன்."

"மாமா."

"என்ன?"

"நீங்கள் பஸ்ஸை ஓடுங்கோ."